ஜி.ஓ. நம்பரையும் தேதியையும் சேர்த்துப் போடுங்க ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை உங்க பேப்பர்ல ஏழாம் பக்கம் அடியில, ரெண்டு விளம்பரத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்ட மாதிரி ஒரு செய்தி வந்திருந்துச்சு. "திருநங்கைகளுக்கு புதிய சலுகை: அரசு உத்தரவு"ன்னு தலைப்பு, உள்ள மொத்தமே நாலு வரி. எந்தத் துறை போட்டது, ஜி.ஓ., அதாவது அரசாணை நம்பர் என்ன, எந்தத் தேதியிலேருந்து, யாருக்குப் பொருந்தும், ஒண்ணும் இல்ல. அன்னைக்குக் காலைல நான் ஷட்டரைத் தூக்கி சாமி படத்துக்கு ஊதுபத்தி கூட கொளுத்தல, அதுக்குள்ள மூணு பேர் அந்த நாலு வரியை கத்தரிச்சு கையில வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. "அக்கா இது எனக்கு வருமா?"ன்னு ஒருத்தி. "எங்க மனு போடணும்?"னு இன்னொருத்தி. மூணாவது ஆள் வயசானவங்க, அவங்க ஒண்ணும் கேக்கல, கட்டிங்கை டேபிள் மேல வச்சுட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

நான் யாருன்னு சொல்லணும்ல. ஓசூர்ல கோர்ட்டு பக்கத்துல டைப்பிங் கடை வச்சிருக்கேன், இருபத்திரண்டு வருஷமாச்சு. பத்திரம், பிரமாணப் பத்திரம், பேர் மாத்தறது, பட்டா மனு, எல்லாம் அடிப்பேன், இப்போ ஆன்லைன்ல ஏத்தறதும் நானே. சட்டம் படிச்சவ இல்ல, எஸ்.எஸ்.எல்.சி.யோட டைப்ரைட்டிங் ஹையர். ஆனா சட்டம்னு ஒண்ணு ஜனங்க கையில எப்படி வந்து சேருதுன்னு எனக்குத் தெரிஞ்ச அளவு பெரிய வக்கீலுக்குக் கூட தெரியுமான்னு சந்தேகம்தான், ஏன்னா பாதிப் பேருக்கு அது என் பிரிண்டர் வழியாத்தான் போகுது.

இங்க நாலு வக்கீலுங்க இருக்காங்க. ரெண்டு பொண்ணுங்க, ரெண்டு பசங்க. ஒருத்தங்க ஓசூர்லயே பிராக்டீஸ், ஒருத்தர் கிருஷ்ணகிரி, ஒரு தம்பி தினமும் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் போய்ட்டு வர்றவர், கன்னடம் எழுதப் படிக்கத் தெரியும், நாலாவது பொண்ணு இப்பத்தான் எண்ரோல் ஆனவ. ஞாயித்துக்கிழமை மதியம் மூணு மணிக்கு என் கடையில பாதி ஷட்டரை இறக்கிட்டு உக்காருவாங்க. என்ன பண்றாங்கன்னா, திருநங்கைகள், திருநம்பிகள் (பொண்ணாப் பொறந்து ஆணா வாழறவங்க), மொத்தமா திருநர்னு சொல்றவங்க சம்பந்தமா எந்த மாநிலத்துல என்ன விதி மாறிச்சு, எந்த ஜி.ஓ. வந்துச்சு, எந்த கோர்ட்டு என்ன சொல்லுச்சு, எது இன்னும் உயிரோட இருக்கு, எதுக்கு ஸ்டே, இதையெல்லாம் தேடி எடுத்து ஒரு பெரிய லாங் சைஸ் நோட்டுல எழுதறாங்க. அப்புறம் நான் அதை டைப் அடிச்சு கம்ப்யூட்டர்ல வைக்கறேன். யாரும் அவங்களுக்கு காசு குடுக்கறது இல்ல. டீயும் வடையும் கூட அவங்க காசுதான், நான் பேப்பரும் கரண்ட்டும்.

இது எப்படி ஆரம்பிச்சதுன்னா என் தப்புல ஆரம்பிச்சுது, அதை மறைக்கப் போறது இல்ல.

ஒரு திருநம்பி, இருபத்துநாலு வயசு, கம்பெனியில நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு ஹெல்மெட்டோட அப்படியே வந்தாப்ல. அடையாளச் சான்றிதழுக்கு பிரமாணப் பத்திரம் அடிக்கணும்னு கேட்டாப்ல. நான் கம்ப்யூட்டர்ல ஏற்கனவே இருந்த ஃபைலைத் திறந்து பேரையும் விலாசத்தையும் மட்டும் மாத்தி அடிச்சுக் குடுத்தேன். அந்தப் பழைய ஃபைல்ல "அறுவை சிகிச்சை செய்து கொண்ட தேதி"ன்னு ஒரு வரி, பக்கத்துல கோடு. அந்தத் தம்பி பேனாவை எடுத்து அந்தக் கோட்டு மேல ஒரு சின்ன டேஷ் போட்டாப்ல, ஒண்ணும் சொல்லல. எனக்கும் ஒண்ணும் தோணல. போர்டல்ல ஏத்தினோம், சர்ஜரி சர்டிபிகேட் இணைக்கலைன்னு திரும்பி வந்துருச்சு. ஆபீசுக்கு நேர்ல போனா அங்கயும் அதே டேஷைக் காட்டி அதே கேள்வி. ரெண்டு மாசம் போச்சு. அதுல ஒரு வேலைக்கு அப்ளை பண்ற தேதியும் போச்சு.

அப்புறம் ஒரு நாள் அந்த நாலு பேர்ல ஓசூர்லயே பிராக்டீஸ் பண்ற வக்கீலம்மா கடைக்கு வந்தாங்க, கையில திருநர் சட்டத்தோட 2020 விதிகள் பிரிண்ட், மஞ்சள் மார்க்கர் அடிச்சு. "அக்கா, இந்த வரி எங்கேருந்து வந்துச்சு?"ன்னு கேட்டாங்க. கோவமா கேட்டிருந்தா நானும் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன், சாதாரணமா கேட்டாங்க. "கம்ப்யூட்டர்ல இருந்துச்சும்மா"ன்னேன். சொன்னதும் எனக்கே அசிங்கமாப் போச்சு.

விஷயம் இதான். 2019 திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்துல ஆறாவது பிரிவு ஒண்ணு, ஏழாவது பிரிவு ஒண்ணு. சட்டம் 2020 ஜனவரி 10 அமலுக்கு வந்துச்சு, விதிகள் அதே வருஷம் செப்டம்பர்ல. ஆறாவது பிரிவுல கலெக்டர் குடுக்கற சான்றிதழ்ல பாலினம் திருநர்னு வரும், அதுக்கு அந்த 2020 விதிப்படி டாக்டர்கிட்ட போகவே வேண்டாம், பிரமாணப் பத்திரம் போதும், முப்பது நாள்ல குடுக்கணும்னு எழுதியிருந்துச்சு. ஆபரேஷன் பண்ணிக்கிட்டு ஆண்னோ பெண்னோ மாத்திக் கேக்கறவங்களுக்குத்தான் ஏழாவது பிரிவு, அங்கதான் ஆஸ்பத்திரி சர்டிபிகேட். நான் ரெண்டையும் போட்டு குழப்பிட்டேன், ஆபீஸ்லயும் குழப்பிட்டாங்க, நடுவுல அந்தப் பையனோட ரெண்டு மாசம். இன்னொண்ணும் அதே விதியில இருக்கு, சட்டம் வர்றதுக்கு முன்னாடியே அதிகாரபூர்வமா பாலினத்தை மாத்திப் பதிஞ்சவங்க திரும்ப அப்ளை பண்ணத் தேவையில்லைன்னு. இது தெரியாம நம்ம ஊர்ல எத்தனை பேரை முதல்லேருந்து வரிசையில நிக்க வச்சிருப்பாங்கன்னு நினைச்சா வயிறு எரியுது.

அன்னைக்கு முடிவு பண்ணோம், என் கம்ப்யூட்டர்ல இருக்கற பழைய ஃபைலையெல்லாம் அழிச்சுட்டு வக்கீலுங்க பாத்து ஓகே பண்ணின படிவம் மட்டும் வைக்கறதுன்னு. அழிச்சா போதுமா, நாளைக்கு விதி மாறினா? அங்கேருந்துதான் அந்த நோட்டு.

ஐயா, நோட்டு எதுக்கு, கவர்மெண்ட் வெப்சைட்ல எல்லாம் இருக்கேன்னு நானும்தான் கேட்டேன். அவங்க என்னையே உக்கார வச்சு தேடச் சொன்னாங்க. நல வாரியம் 2008 ஏப்ரல் 15 ஆரம்பிச்சது, அது சமூக நலத்துறை. 2015ல மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்ல சேத்தாங்க, அது பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை. 2019ல, இடைப்பாலா, அதாவது உடம்பை வச்சு ஆணா பெண்ணான்னு தெளிவாச் சொல்ல முடியாம பொறக்கற குழந்தைங்களுக்கு உயிருக்கு ஆபத்துன்னா தவிர பாலின ஆபரேஷன் பண்ணக் கூடாதுன்னு உத்தரவு, அது சுகாதாரத்துறை. 2021ல பொம்பளைங்களுக்கு டவுன் பஸ் இலவசம் விட்டு, அடுத்த மாசமே திருநங்கைகளையும் சேத்தாங்க, போக்குவரத்துத்துறை. 2022ல போலீஸ்காரங்க நடத்தை விதிகள்ல 24-சின்னு ஒண்ணு சேத்து இவங்களைத் துன்புறுத்தக் கூடாதுன்னாங்க, உள்துறை. ஒரே ஆளோட வாழ்க்கை, அஞ்சு துறை. ஒரு துறையில இருக்கறவருக்கு இன்னொரு துறை போட்டது தெரியாது, தெரிஞ்சாலும் "எங்களுக்கு சர்குலர் வரலையே"ம்பாங்க.

இதுல கோர்ட்டு வேற. அந்தக் குழந்தைங்க ஆபரேஷன் தடை கூட ஒரு கல்யாண கேஸ்லேருந்து வந்ததுதான், யாராவது தேடிக் கண்டுபிடிக்க முடியுமா சொல்லுங்க. தூத்துக்குடியில ஒரு திருநங்கைக்கும் ஒரு ஆணுக்கும் கோயில்ல கல்யாணம் ஆகுது, ரிஜிஸ்டர் பண்ண மாட்டேன்னுட்டாங்க, கேஸ் மதுரை பெஞ்சுக்குப் போகுது, 2019 ஏப்ரல்ல நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் இந்து திருமணச் சட்டத்துல மணமகள்ங்கற வார்த்தையில திருநங்கையும் அடக்கம்னு தீர்ப்பு சொல்றார், அதே தீர்ப்புலதான் குழந்தைங்களுக்கு ஆபரேஷன் வேண்டாம்னும் அரசுக்குச் சொல்றார். 24-சி வந்த கதையும் அப்படித்தான், வீட்டை விட்டு வந்த ரெண்டு பொண்ணுங்க பாதுகாப்பு கேட்டுப் போட்ட கேஸ், 2021 ஜூன்ல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் குடுத்த உத்தரவுலேருந்து கிளை விட்டு வந்தது. தலைப்பைப் பாத்து தேடினா கிடைக்காது, முழுசா படிச்சாத்தான் கிடைக்கும். படிக்கறது யாரு? இந்த நாலு பேர்தான், ஞாயித்துக்கிழமை, வடையைக் கடிச்சுக்கிட்டு.

நோட்டுல மூணு கலர் உண்டு. பச்சைன்னா நடைமுறையில இருக்கு. சிவப்புன்னா ஸ்டே இல்லைன்னா ரத்து. நீலம்னா கோர்ட்டு சொல்லிருச்சு ஆனா ஜி.ஓ. வரலை. நீலம்தான் ஐயா பக்கம் பக்கமா போகுது. 2014 ஏப்ரல் 15 உச்ச நீதிமன்றம் நால்சா தீர்ப்புல தன் பாலினத்தை தானே சொல்லிக்கற உரிமை உண்டு, ஆபரேஷன் பண்ணினாத்தான்னு கட்டாயப்படுத்தக் கூடாது, படிப்புலயும் வேலையிலயும் இடஒதுக்கீடு குடுங்கன்னு சொல்லுச்சு. கேஸ் போட்ட தேசிய சட்டப் பணிகள் ஆணையம்தான் நால்சா, அதாவது இலவச சட்ட உதவி குடுக்கற கவர்மெண்ட் அமைப்பே. அந்த இடஒதுக்கீடு வரி பல மாநிலத்துக்கு நோட்டுல ரொம்ப நாளா நீலத்துலயே கிடக்கு.

எங்க ஊர் எல்லையில இருக்கறதால இன்னொரு கூத்து. கர்நாடகாவுல 2021 ஜூலையில வேலை நியமன விதியைத் திருத்தி ஒவ்வொரு பிரிவுக்குள்ளயும் ஒரு சதவீதம் திருநருக்குன்னு வச்சாங்க. அதாவது எஸ்.சி.யில பொறந்த திருநங்கைக்கு எஸ்.சி. பங்குக்குள்ள ஒரு சதவீதம், பி.சி.யில பொறந்தவங்களுக்கு பி.சி. பங்குக்குள்ள. கிடைமட்ட இடஒதுக்கீடுன்னு இதைத்தான் சொல்றாங்க. இங்க 2015ல எம்.பி.சி. லிஸ்ட்ல தூக்கிப் போட்டாங்க, பாலினத்தை ஜாதி மாதிரி ஆக்கிட்டீங்களேன்னு திருநர் உரிமைக்காகப் போராடற கிரேஸ் பானு மாதிரி ஆளுங்க வருஷக்கணக்கா கத்திக்கிட்டு இருக்காங்க. எனக்கு இந்த அரசியல்லாம் முன்ன புரியாது. ஒரு எஸ்.சி. திருநங்கை என் எதிர்ல உக்காந்து "அக்கா, இதுல ஜாதின்னு இருக்கற கட்டத்துல நான் எதைப் போடறது, நான் எங்கம்மாவுக்குப் பொறந்ததைப் போடறதா, நான் திருநங்கை ஆனதைப் போடறதா?"ன்னு கேட்டப்போதான் புரிஞ்சுது. செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பதில், இந்தப் பக்கம் ஒரு பதில்.

அந்தப் பக்கம் எல்லாம் பிரமாதம்னும் நினைக்காதீங்க. 2011ல அவங்க போலீஸ் சட்டத்துல 36-ஏன்னு ஒரு பிரிவு சேத்து, திருநங்கைகள் பேரை கமிஷனர் ரிஜிஸ்டர்ல பதிஞ்சு கண்காணிக்கலாம்னு வச்சிருந்தாங்க, அப்புறம் கேஸ் போட்டுத்தான் அதுலேருந்து அந்த வார்த்தையை எடுக்க வச்சாங்க. அதுக்கும் பாட்டன் ஒண்ணு தெலங்கானாவுல, நிஜாம் காலத்து ஃபசலி 1329ம் வருஷச் (நம்ம கணக்குல 1919 வாக்குல) சட்டம், திருநங்கை பொம்பளை டிரஸ் போட்டு தெருவுல ஆடினா வாரண்ட் இல்லாம பிடிக்கலாம்னு. நூறு வருஷத்துக்கு மேல அது சும்மா புத்தகத்துல உக்காந்திருந்து 2023 ஜூலையிலதான் ஐகோர்ட்டு ரத்து பண்ணுச்சு. யாரும் பாக்காம விட்டா சட்டம் எவ்வளவு நாள் உயிரோட இருக்கும் பாருங்க.

சில சமயம் தலைகீழா நடக்கும், இருக்கறது சத்தமில்லாம போயிரும். 2024 ஜூலை 1 புது குற்றவியல் சட்டம் வந்தப்போ எல்லாரும் நம்பர் மாறினதைத்தான் பேசினோம், 420 இனி 318ன்னு ஜோக் அடிச்சோம். ஆனா 'இயற்கைக்கு மாறான உறவு' குத்தம்னு இருந்த பழைய 377 முழுசா போயிருச்சு. சம்மதத்தோட இருக்கறவங்களை விட்டது 2018லயே, நல்லது. ஆனா சம்மதமில்லாம ஒரு திருநம்பியையோ திருநங்கையையோ நாசம் பண்ணினவன் மேல போடறதுக்கு இருந்த ஒரே பெரிய பிரிவும் அதுதான். பாலியல் வன்முறைப் பிரிவுல ஆண், பெண்ணுன்னுதான் எழுதியிருக்கு. அப்போ மிச்சம் இருந்தது 2019 சட்டத்தோட 18வது பிரிவு, ஆறு மாசத்துலேருந்து அதிகபட்சம் ரெண்டு வருஷம் ஜெயில். பாதிக்கப்பட்டது பொண்ணா இருந்தா குறைஞ்சது பத்து வருஷம். அந்த ஞாயித்துக்கிழமை இந்த வரியை எழுதும்போது அந்தச் சின்னப் பொண்ணு பேனாவை கீழ வச்சுட்டு வெளிய போயிட்டா, கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் உள்ள வந்தா.

சரி, வக்கீலுங்களைத் தூக்கி வச்சுக் கொண்டாடறேன்னு நினைக்க வேண்டாம், அவங்க மேலயும் எனக்கு வருத்தம் உண்டு. முதல்ல அவங்க தமிழ். "மேற்படி பிரிவின்கீழ் தகுதியுடைய மனுதாரர்"னு ஆரம்பிச்சு எழுதித் தருவாங்க, அதைப் படிச்சு யாருக்குப் புரியும், நான் உக்காந்து "இதைக் கொண்டு போங்க, இவங்களைப் பாருங்க, இந்தப் பக்கத்தைக் காட்டுங்க"ன்னு மாத்தி அடிப்பேன். அப்புறம், சும்மா செய்யற வேலைக்கு இருக்கற வியாதி. அந்தப் பெங்களூர் தம்பிக்கு போன வருஷம் கல்யாணம், அப்புறம் ஆபீஸ் மாறினாப்ல, நாலு மாசம் கர்நாடகா பக்கம் ஒரு வரி ஏறல. யாரையும் குத்தம் சொல்ல முடியாது, அவங்கவங்க பொழப்பு இருக்கு. ஆனா நோட்டுல பழசு இருக்கறது நோட்டே இல்லாததை விட மோசம், ஏன்னா ஜனங்க நம்பிருவாங்க. என் பழைய ஃபைல் மாதிரியே. அதனால இப்போ ஒவ்வொரு பக்கத்து மேலயும் "கடைசியாப் பாத்த தேதி"ன்னு போட்டே ஆகணும்னு நான் சண்டை போட்டு வச்சிருக்கேன்.

கவர்மெண்ட் ஒண்ணுமே பண்ணலைன்னு சொல்லல. 2025 ஜூலை கடைசியில தமிழ்நாடு திருநர் கொள்கைன்னு ஒண்ணு வெளியிட்டாங்க. அதே வருஷம் அக்டோபர்ல உச்ச நீதிமன்றம், வேலையை விட்டு எடுக்கப்பட்ட ஒரு திருநங்கை டீச்சர் கேஸ்ல, சட்டம் இருந்தும் மத்திய அரசும் மாநிலங்களும் ஒழுங்கா நடைமுறைப்படுத்தலைன்னு நல்லா கடிஞ்சுக்கிட்டு, முன்னாள் நீதிபதி ஆஷா மேனன் தலைமையில ஒரு கமிட்டியும் போட்டுச்சு. கொள்கை வேற, ஜி.ஓ. வேற, கமிட்டி வேற. கவுன்ட்டர்ல இருக்கறவர்கிட்ட கொள்கையைக் காட்டினா "நல்லா இருக்கும்மா, ஜி.ஓ. இருக்கா?"ன்னுதான் கேப்பார். அவரும் பாவம், ஆடிட்ல அவரைத்தானே கேப்பாங்க. கலெக்டர் ஆபீஸ் வாசல்ல ஒரு போர்டு வச்சு, இந்த மாசம் திருநர் சம்பந்தமா எந்தத் துறை என்ன போட்டுச்சுன்னு நம்பரோட ஒட்டினா இந்த நோட்டே தேவைப்படாது. அதுக்கு ஆகற செலவு நாலு ஷீட் பேப்பர்.

இப்போ உங்க பேப்பர் விஷயத்துக்கு வர்றேன். நிருபர்களுக்கு நாலு வரிதான் இடம் குடுக்கறீங்க, புரியுது. ஆனா அந்த நாலு வரியில ஒரு வரி துறை, ஜி.ஓ. நம்பர், தேதின்னு இருக்கட்டும். கோர்ட்டு செய்தின்னா எந்த பெஞ்ச், என்னைக்கு, இடைக்கால உத்தரவா முழுத் தீர்ப்பான்னு போடுங்க. "ஐகோர்ட்டு அதிரடி"ன்னு போட்டா எங்களுக்கு எதைத் தேடறதுன்னே தெரியல, எல்லாமே அதிரடிதான். ஸ்டே வந்தா அதையும் போடுங்க, உத்தரவு வந்தப்போ முதல் பக்கத்துல போட்டுட்டு ஸ்டே வந்தப்போ விட்டுட்டா ஜனங்க பழைய பேப்பரைத் தூக்கிட்டு அலையறாங்க. அப்புறம் திருநம்பியைப் பத்தின செய்தியிலயும் திருநங்கைன்னே எழுதறீங்க. ஐகோர்ட்டு சொல்லி அரசாங்கமே 2022ல சொல் அகராதி மாதிரி ஒண்ணு கெஜட்ல போட்டிருக்கு, ஒரு பிரிண்ட் எடுத்து டெஸ்க்ல ஒட்டி வச்சா போதும். அந்த நைட் ஷிஃப்ட் தம்பிக்கு கடைசியில சான்றிதழ் வந்துச்சு, பத்தாவது மார்க் ஷீட்டை மாத்தறதுக்கு அப்ளிகேஷனும் போட்டாச்சு, விண்ணப்பிச்ச பதினஞ்சு நாள்ல மாத்தித் தரணும்னு விதியில இருக்கு, அந்தப் பக்கத்தையும் சேத்தே இணைச்சோம். அந்தத் தம்பி உங்க பேப்பர் வாசகர்தான், வேலை விளம்பரத்துக்காக வாங்கறாப்ல.

போன ஞாயித்துக்கிழமை நாலு பேரும் அந்தச் செவ்வாய்க்கிழமை கட்டிங்கை வச்சுக்கிட்டு ரெண்டரை மணி நேரம் தேடினாங்க. சமூக நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, சுகாதாரம், உள்துறை, போக்குவரத்துன்னு ஒவ்வொண்ணா திறந்து பாத்தாங்க, கெஜட்டும் பாத்தாங்க. அந்த நாலு வரிக்குப் பொருந்தற மாதிரி ஒண்ணும் அகப்படல. புதுசா எதுவும் வரலையா, இல்ல பழைய உத்தரவையே யாரோ மேடையில பேசினதை புதுசுன்னு போட்டுட்டாங்களா, தெரியல. உங்க நிருபருக்குத் தெரிஞ்சா நம்பரை மட்டும் அனுப்பச் சொல்லுங்க ஐயா. அந்த வயசான அம்மா தினமும் டீ குடிக்க வர்ற வழியில கடை வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போறாங்க, கட்டிங் இன்னும் என் கண்ணாடிக்கு அடியிலதான் இருக்கு.

இப்படிக்கு,
கோர்ட்டு பக்கத்து டைப்பிங் கடைக்காரி,
ஓசூர்.